நீல வாளிப் பால்

கன்றுக்கு உடம்பு நன்றாயிருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. வலது கையின் இரண்டு விரல்களை அதன் வாய்க்குள் விடுவாள். சப்பி இழுத்தால் கவலையில்லை. விரல் சும்மா எச்சிலில் கிடந்தால், அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம்தான்.

அன்றைக்கு விரல் சும்மா கிடந்தது.

"அடியே, என்னடி இது? சப்புடி. என் விரல்டி, தெரியலையா?" என்று கெஞ்சினாள். கன்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. வாய்க்குள் சூடே இல்லை. வாலுக்குக் கீழே மஞ்சளாய், தண்ணியாய் ஒழுகியிருந்தது. அந்த நாற்றம் அவளுக்குப் புதிசில்லை. இதற்கு முன்னால் மூன்று கன்றுகளை வாரிக்கொண்டு போன கழிச்சல் அது.

"ஏங்க! இங்க வாங்களேன்! சின்னவளுக்கும் வந்துடுச்சுங்க!"

கறவைக் கொட்டகையிலிருந்து வீட்டுக்காரர் பால் கையோடு ஓடிவந்தார். நாலைந்து நாளாய் விடாத மழை. கூரையில் ஒழுகாத இடத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். குனிந்து கன்றின் காதைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. நிமிரும்போது அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாயிருந்தது.

"நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்றார்.

ஞாபகம் இல்லாமல் என்ன? மூன்றாவது கன்றைக் குழியில் போட்டு மூடிவிட்டு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். இனி ஒன்று போனால் இந்த வீட்டில் கன்று வளர்ப்பே கிடையாது. பிறந்த கையோடு விற்றுவிடுவது, கன்னுக் கொட்டகையில் தவிட்டு மூட்டை அடுக்குவது. கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பாள். மனுஷர் அழுதுகொண்டே சொன்னார். அழுகிற ஆம்பளையிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

அந்தத் தெருவே அவளைக் கன்னுக்காரி என்றுதான் கூப்பிடும். கறவைக் கொட்டகையில் வீட்டுக்காரர் ராஜ்ஜியம், கன்னுக் கொட்டகையில் அவள் ராஜ்ஜியம். வைக்கோல் மாற்றுவது, சாக்கு போர்த்துவது, விரலைச் சப்பக் கொடுத்து அப்படியே வாயை வாளிக்குள் இறக்கிப் பால் குடிக்கப் பழக்குவது எல்லாம் அவள் கைதான். இப்போது படுத்துக் கிடக்கிறதே, இந்தச் சின்னவள், மற்ற கன்றுகளைப் போல இல்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கூடவே ஓட்டி வந்த பசுவின் வழி. அந்தப் பசுவின் மகள்தான் கொட்டகை ஓரத்தில் நிற்கிற கிழவி. கிழவி போட்டதெல்லாம் காளைக் கன்று. இனிமேல் சினை நிற்காது என்று எல்லாரும் கைவிட்ட பிறகு, வயசான காலத்தில் ஈன்ற ஒரே பெண் கன்று சின்னவள். இது போனால் பிறந்த வீட்டுச் சொந்தம் அந்தக் கொட்டகையில் அதோடு சரி.

அதற்குள் கொழுந்தன் வந்துவிட்டான். அடுத்த வீடுதான். சட்டைப் பையில் எப்போதும் ஊசி இருக்கும். டாக்டர் வரும்போதெல்லாம் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றே தொழிலைக் கற்றுக்கொண்டவன். தெருவில் அவனுக்கு அரை டாக்டர் என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள், அவன் பட்டமாக எடுத்துக்கொண்டான். குணத்தில் தங்கம். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருவான், ஒரு காப்பிகூட எதிர்பார்க்க மாட்டான்.

"அண்ணி, கவலையை விடுங்க. ஜன்னல்ல அரை பாட்டில் மருந்து மிச்சம் இருக்கு. ஒரு ஊசி, ஓடிப்போய் அம்மாகிட்ட நிக்கும் பாருங்க."

"போன தடவையும் இதையேதான் சொன்ன தம்பி."

"அது லேட்டாயிடுச்சு அண்ணி. இது இப்பத்தானே படுத்திருக்கு."

போட்டான். சாயங்காலம் இன்னொன்று போட்டான். சின்னவள் அம்மாகிட்ட ஓடவில்லை. மறுநாள் காலையில் தலையைத் தூக்கவே யோசித்தாள். அரை டாக்டர் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் ஊசியைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். "வண்டியை எடு. டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வா," என்றார் அண்ணன்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. சுற்றுப்பட்டு மாட்டுக்கெல்லாம் அவள் ஒருத்திதான். முழங்கால் வரை சேறோடு வந்து, வந்த வேகத்தில் கன்றின் பக்கத்தில் மண்டி போட்டாள். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளின இடம் அப்படியே கூடாரம் மாதிரி நின்றது.

"உடம்புல தண்ணியே இல்லக்கா. எல்லாம் பின்னாடி வழியாப் போயிடுச்சு. என்ன ஊசி போட்டீங்க?"

அரை டாக்டர் பாட்டிலைக் காட்டினான். அவள் பெருமூச்சு விட்டாள்.

"போன கன்னு செத்தப்ப சாணி எடுத்துட்டுப் போனேன்ல? பரிசோதனை பண்ணிட்டாங்க. உங்க கொட்டகையில இருக்கிற கிருமிக்கு இந்த மருந்து உறைக்கவே இல்ல. இதை மட்டுமில்ல, நாம வழக்கமா போடற எதையுமே அது மதிக்கல."

"நான் அளவு பார்த்துத்தான் போடறேன் டாக்டர்."

"எத்தனை நாள் போடுவீங்க?"

"எந்திரிச்சு நின்னதும் நிறுத்திடுவேன். நிக்கிற கன்னுக்கு மருந்து எதுக்கு? மிச்சம் இருந்தா அடுத்ததுக்கு ஆகும்ல?"

"அதுவும் ஒரு காரணம்தான்," என்றாள் டாக்டரம்மா. திட்டவில்லை. "ஆனா அது மட்டும் இல்ல. ஊசியே படாத கன்னுக்கும் இந்த வயசுலயே இந்தக் கிருமி எப்படி வருதுன்னுதான் யோசிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்துக் கன்னுக்காரி உள்ளே வந்தாள், கையில் நுரை தளும்பும் நீல வாளியோடு. காலையில் கறந்தது. மற்ற கன்றுகளாவது பட்டினி கிடக்க வேண்டாமே என்று எடுத்து வந்தாள்.

"அது என்ன பால்க்கா?"

"இதுங்களா? கிழவி பால். மடி வீங்கிக் கெடக்குல்ல, ஊசி போட்டுக்கிட்டிருக்கோம். அதான் தனியாக் கறந்தது."

அந்த வீட்டில் அது பழைய ஏற்பாடு. எந்த மாட்டுக்கு ஊசி போட்டாலும் அதன் பின்னங்காலில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். சிவப்புத் துணி மாட்டுப் பால் கேனில் விழக்கூடாது. மருந்து கலந்திருந்தால் பால் நிலையத்தில் கண்டுபிடித்து மொத்தக் கேனையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அது நீல வாளிக்கு. நீல வாளி கன்றுக்கு. பாலைக் கீழே ஊற்றுகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. நல்ல பால் அத்தனையும் நிலையத்துக்குப் போய்விடும், வீட்டில் எல்லாரும் குடிப்பது கடுங்காப்பி. பால்காரன் வீட்டுக் காப்பி கறுப்பு என்று தெருவே கேலி பேசும்.

"ஒரு சொட்டு வீணாக்க மாட்டேன் டாக்டரம்மா," என்றாள் பெருமையாக. "ரெண்டு மூணு மாடு எப்பவும் சிவப்புத் துணியோடதான் நிக்கும். அவ்வளவு பாலும் என் பிள்ளைங்களுக்குத்தான். வேற எந்த வீட்டுல கன்னுக்கு இப்படி வயிறு முட்டப் பால் கிடைக்கும், சொல்லுங்க?"

டாக்டரம்மா எழுந்து நின்றாள். வாளியைப் பார்த்தாள், வரிசையாகக் கட்டியிருந்த கன்றுகளைப் பார்த்தாள். எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறவள் போல மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். கல்யாணமான புதுசுல உங்க வீட்டுக்காரரைத் திட்டியிருப்பீங்கல்ல?"

"இது என்ன கேள்வி?"

"சொல்லுங்களேன். மொத தடவை திட்டினப்ப என்ன பண்ணாரு?"

"ரெண்டு நாள் சோறு திங்கல. மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டாரு."

"இப்ப?"

"இப்பவா? நான் பாட்டுக்குத் திட்டுவேன். அவரு பாட்டுக்கு இன்னொரு தரம் சோறு போட்டுக்குவாரு."

அரை டாக்டர் கெக்கே என்று சிரித்துவிட்டான். வீட்டுக்காரருக்கும் அந்தக் கவலையிலும் உதடு கோணியது. கன்னுக்காரியும் சிரித்தாள்.

"அதேதான்க்கா. கிருமியும் அப்படித்தான். இந்தப் பால்ல கொஞ்சம் மருந்து இருக்கு. கிருமியைக் கொல்ற அளவுக்கு இல்ல, ருசி காட்டற அளவுக்கு. தினம் ரெண்டு வேளை உள்ள போகுது. சோப்ளாங்கிக் கிருமியெல்லாம் செத்துப்போகும், தாங்கினது தங்கிடும். தங்கினது குட்டி போட்டுப் பெருகும். அப்புறம் நீங்க ஊசியாப் போட்டாலும் உங்க வீட்டுக்காரர் மாதிரி இன்னொரு தரம் சோறு போட்டுக்கும்."

கன்னுக்காரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப... நான் குடுத்த பாலாலயா?"

கூரை ஒழுகல் தகர டப்பாவில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தாய்ப்பாலுங்க. இவ அம்மா பாலைத்தானே இவளுக்குக் குடுத்தேன். அதுல போய் எவளாவது விஷம்..." முடிக்க முடியாமல் வாளியைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது. சிந்தியதைப் பார்த்தாள், துடைக்கவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சு பண்ணலக்கா. முக்கால்வாசி வீட்டுல இதுதான் நடக்குது. நான்தான் முன்னாடியே கேட்டிருக்கணும்," என்றாள் டாக்டரம்மா.

"இப்ப என்ன மருந்துதான் கேக்கும்?" என்றான் அரை டாக்டர்.

"ஒண்ணு கேக்கும். ஆனா அது வேற எந்த மருந்தும் கேக்காத குழந்தைங்களுக்கு ஆஸ்பத்திரியில கடைசியா எடுக்கிற மருந்து. அதையும் கன்னுக் கழிச்சலுக்குப் போட்டுப் பழக்கிட்டோம்னா, நாளைக்கு நம்ம பிள்ளைங்களுக்கு என்ன பண்றது? நான் போட மாட்டேன். நீங்களும் போடக்கூடாது. இவளுக்கு இப்ப வேண்டியது தண்ணி. நரம்புல ஒரு பாட்டில் ஏத்தறேன். அப்புறம் வெதுவெதுன்னு உப்புச் சர்க்கரைத் தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா, விடாம. சூடு விடக்கூடாது. உறிஞ்ச ஆரம்பிச்சா நல்ல பால் குடுங்க. நல்ல பால்னா, சிவப்புத் துணி இல்லாத மாட்டுப் பால். கன்னைத் தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவணும், எல்லாரும்."

"ஊசி?"

"ஊசி இல்ல."

பாட்டில் இறங்கி முடிந்ததும் டாக்டரம்மா கிளம்பினாள். வெறும் வாயை மெல்கிற தெருவுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. ஊசியே போடாமல் போகிற டாக்டரை எங்கேயாவது கண்டதுண்டா? எதிர்வீட்டுக்காரி வேலை மெனக்கெட்டு நனைந்துகொண்டே வந்து, "உப்பும் சர்க்கரையும் நம்ம அடுக்களையில இல்லாததா? அதைச் சொல்லவா இவ்வளவு படிச்சுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மத்தியானம் கன்னுக்காரி சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்தார்.

"மூணையும் நான்தாங்க கொன்னேன்," என்றாள். "விரலைச் சப்பக் குடுத்து, வாயை வாளியில எறக்கி, குடி குடின்னு நானே... அதுங்க நம்பிக் குடிச்சுதுங்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சிவப்புத் துணி கட்டினது யாரு?"

"நீங்க."

"நீல வாளியில கறந்தது யாரு? ஒரு சொட்டு வீணாக்காதேன்னு நீ வந்த நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கிறது யாரு? நிலையத்துக்காரன் வேணாம்ங்கிற பாலு, கன்னுக்கு மட்டும் எப்படி ஆகும்னு என் மண்டையில ஒரு நாளாவது உறைச்சுதா? கன்னு செத்துச்சுன்னு உன்னைக் கொட்டகையை விட்டே தொரத்தப் பார்த்தேன். பாவத்தைத் தனியாத் தூக்கிட்டுப் போகாத. பாதி எனக்கு வை."

அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அழுதாள். அழுதுகொண்டே தின்றாள். அவள் தின்கிறவரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் சின்னவளை விட்டு அவள் நகரவே இல்லை. செங்கல்லைச் சுட வைத்து, சாக்கில் சுற்றி, வயிற்றோரம் அணைத்து வைத்தாள். பழைய பாட்டிலில் உப்புச் சர்க்கரைத் தண்ணியைக் கலந்து கடைவாய் ஓரமாய்ச் சொட்டுச் சொட்டாய் விட்டாள். அவசரப்பட்டால் புரையேறிவிடும். ஒரு பக்கம் உள்ளே போக, மறுபக்கம் வெளியே போனது. அவள் ஊற்றினாள், துடைத்தாள், ஊற்றினாள். கிழவி மழையையும் மீறி அந்தப் பக்கத்திலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. "இருடி, நானும் தாய்தான்," என்று இவள் இங்கிருந்து பதில் சொன்னாள்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரம் சின்னவளின் கால்கள் நாலும் சில்லிட்டுப்போயின. அப்போதுதான் அரை டாக்டர் வந்தான். நனைந்த சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தான்.

"டவுன்ல ஒரு கடைக்காரன் தெரிஞ்சவன் அண்ணி. டாக்டரம்மா சொன்னாங்களே, அந்த மருந்து. யாருக்கும் தெரிய வேணாம். போட்டுடட்டா?"

அவள் பாட்டிலைக் கையில் வாங்கினாள். கட்டைவிரல் பருமன்தான் இருந்தது. மடியில் கன்றின் தலை கனத்தது. கேட்க ஆளில்லை. டாக்டரம்மா எத்தனையோ கொட்டகை தள்ளி எங்கேயோ சேற்றில் நிற்பாள். போடு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பொய் சொல்வானேன், பாதி வெளியேகூட வந்துவிட்டது.

"போ..." என்றாள். அவன் ஊசியை எடுத்தான்.

"இரு தம்பி. இதுவும் பழகிப்போச்சுன்னா?"

"ஒரு ஊசியில என்ன அண்ணி பழகிடப்போகுது?"

"ஒரு வாளியில என்ன ஆயிடும்னுதான் நானும் குடுத்தேன்." பாட்டிலை அவன் கையில் திரும்ப வைத்தாள். "உன் பொண்டாட்டி மாசமா இருக்கா. பொறக்கிறதுக்கு நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அப்ப எதைப் போடுவ? போதும், ஒரு தடவை நான் பழக்கினது போதும். இதை எடுத்துட்டுப் போ. நிஜமாவே ஒத்தாசை பண்ணணும்னு நினைச்சா வந்து தலையைப் பிடி. நான் தண்ணி விடறேன்."

அவன் ஊசியையும் பாட்டிலையும் ஜன்னலில் வைத்துவிட்டு, ஈர வைக்கோலில் உட்கார்ந்து, கன்றின் தலையைத் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டான். ஊசி இல்லாமல் அவன் ஒரு கன்றின் பக்கத்தில் உட்கார்ந்ததை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். போகும்போது சொல்லாமலே சோப்பைத் தேடி எடுத்து முழங்கை வரை கழுவினான்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. கன்னுக்காரி சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்ந்திருந்தாள். ஏதோ இழுக்கிற மாதிரி இருந்தது. முந்தானை. சின்னவள் படுத்தபடியே முந்தானை முனையை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள்.

அவசரமாகக் கையைத் துடைத்து இரண்டு விரலை வாய்க்குள் விட்டாள். சின்னவள் சப்பினாள். முதலில் சும்மா தொட்டுப் பார்க்கிற மாதிரி. அப்புறம் ஒரு இழு.

"ஏங்க! இழுக்கறா! விரலைப் பிடுங்கறா கழுதை!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

வீட்டுக்காரர் கறவையை முடித்துவிட்டு வந்தார். கன்றைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி கையை எடுத்து, வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். நீல வாளி வழக்கம்போலக் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. கிழவியின் பால். நுரை இன்னும் அடங்கவில்லை.

அவள் எழுந்து போய் வாளியைத் தூக்கினாள். கொல்லைப் பக்கம் நடந்தாள். மற்ற கன்றுகள் வாளியைப் பார்த்துக் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. சாணிக் குழியைத் தாண்டி, அந்தப் பாலைக் கொட்டவென்று வீட்டுக்காரர் புதிதாக வெட்டியிருந்த பள்ளத்தின் ஓரத்தில் நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் பாலைக் கீழே ஊற்றியதில்லை. கை சாய மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சாய்த்தாள். வெள்ளையாய் ஓடிப் பள்ளத்தில் தேங்கி, மண் மெல்லக் குடித்தது. மண்வெட்டியால் மூடும்போது அந்த மூன்றையும் நினைத்து, "என் கண்ணுங்களா, மன்னிச்சிடுங்க," என்று வாய்விட்டே சொன்னாள். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

திரும்பி வந்தால் வீட்டுக்காரர் நிலையத்துக்குப் போக வேண்டிய கேனின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, புது வாளியில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க? அது விக்கிற பாலாச்சே?"

"ஆமா."

"அவ்வளவு ஊத்தறீங்களே? ஒரு சொட்டு வீணாக்கக் கூடாதுன்னு..."

"யாரு வீணாக்கினா?" வாளியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். "நம்ம வீட்டுல இத்தனை வருஷமா ஒருத்தரும் குடிச்சுப் பார்க்காத பால் இது. மொதல்ல அவ குடிக்கட்டும்."

அவள் இரண்டு விரலைச் சின்னவளின் வாயில் கொடுத்து, மெதுவாக வாளிக்குள் இறக்கினாள்.